கிராமங்களுக்குக் கருவூலம் கேட்ட பல்வந்த்ராய் மேத்தா

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் பல்வந்த்ராய் மேத்தாவின் பெயரை 1957 என்ற ஆண்டோடும், மூன்றடுக்குப் பஞ்சாயத்து என்ற இரண்டு சொற்களோடும் சேர்த்து மனப்பாடம் செய்கிறார்கள். விடைத்தாளுக்கு அது போதும். ஆனால் அவர் தலைமையேற்ற குழுவின் அறிக்கையைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு வேறொன்று தென்படும். கிராமம், வட்டாரம், மாவட்டம் என்று மன்றங்களை அடுக்குவதில் அந்த அறிக்கை காட்டிய அக்கறைக்குச் சற்றும் குறையாத அக்கறையை, அந்த மன்றங்களின் பெட்டிக்குள் பணம் எந்த வழியாக வந்து சேரும் என்பதிலும் காட்டியது. அடுக்குகளை நாடு ஏற்றுக்கொண்டது. பெட்டியைப் பற்றிச் சொன்னதைப் பெரும்பாலும் மறந்துவிட்டது. சமஸ்தானத்தில் போராட்ட வாழ்வைத் தொடங்கி, குஜராத் முதலமைச்சராக இருந்தபோது போர்ச் சூழலில் வானில் உயிரிழந்த இந்த மனிதரின் கதையைப் பணம் என்னும் அந்த இழையைப் பற்றிக்கொண்டுதான் தொடர வேண்டியிருக்கிறது.

1900 பிப்ரவரி 19-ல் பாவ்நகர் சமஸ்தானத்தில் பிறந்தார் பல்வந்த்ராய் கோபால்ஜி மேத்தா. இன்றைய குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதி அன்று கத்தியவார் என்று அழைக்கப்பட்டது. இருநூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களும் குறுநிலப் பகுதிகளும் அந்தத் தீபகற்பத்தில் அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றுள் பெரியனவும் ஓரளவு ஒழுங்கான நிர்வாகம் கொண்டனவுமான சிலவற்றில் பாவ்நகரும் ஒன்று. ஆயினும் எவ்வளவு நல்ல மன்னராட்சியிலும் ஓர் அடிப்படைச் சங்கடம் இருந்தது. குடிமக்களிடமிருந்து வாங்கிய வரிக்கும் அரண்மனையின் செலவுக்கும் இடையே மக்கள் கேள்வி கேட்கக்கூடிய இடம் எதுவும் இல்லை. வரவு செலவுக் கணக்கு மன்னருடைய சொந்த விவகாரமாகவே கருதப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றங்கள் பெயரளவிலேனும் வரவு செலவுத் திட்டத்தை விவாதித்துக்கொண்டிருந்த காலத்தில், சமஸ்தானப் பிரஜைக்கு அந்தப் பெயரளவு உரிமையும் கிடைக்கவில்லை.

கல்லூரிப் படிப்பை முடித்த மேத்தா, 1920-ல் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்று, அந்நிய அரசின் பட்டம் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். லாலா லஜபதி ராய் நிறுவிய மக்கள் ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். குறைந்த உதவித்தொகையில் வாழ்ந்து பொதுப்பணிக்கே ஆயுளை ஒப்படைப்போரின் சங்கம் அது. லால் பகதூர் சாஸ்திரியும் அதன் உறுப்பினரே. 1921-ல் பாவ்நகர் பிரஜா மண்டலைத் தொடங்கியவர்களில் மேத்தா முதன்மையானவர். சமஸ்தானத்தில் பொறுப்பாட்சி வேண்டும் என்பது அதன் கோரிக்கை.

1928-ல் பர்தோலி சத்தியாகிரகத்தில் அவர் பங்கேற்றார். நில வரியை அரசு உயர்த்தியதை எதிர்த்து விவசாயிகள் வரி கொடுக்க மறுத்த போராட்டம் அது. நில வரியின் மீது மேத்தாவுக்கு இருந்த கவனத்துக்கு இதுதான் வேர் என்று அடித்துச் சொல்வதற்கில்லை. ஆனால் அந்த வரி வசூலாகும் முறையையும், அது கிராமத்தை விட்டு வெளியேறும் வேகத்தையும் நேரில் கண்ட தலைமுறை அவருடையது. 1930 முதல் 1932 வரை சட்டமறுப்பு இயக்கம், 1942-ல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்துக்காக மூன்றாண்டுச் சிறைத் தண்டனை என்று தொடர்ந்த வாழ்க்கையில் மொத்தம் ஏழு ஆண்டுகள் அவர் சிறையில் கழித்தார். இடையில் அகில இந்திய சமஸ்தான மக்கள் மாநாட்டின் பொதுச் செயலாளராகவும் இருந்தார். 1939-ல் அந்த அமைப்பின் தலைமையை ஜவாஹர்லால் நேரு ஏற்றார். நேருவுக்கும் மேத்தாவுக்கும் இருந்த நெருக்கம் இந்தப் பணியில் வளர்ந்ததுதான்.

விடுதலைக்குப் பின், 1948 ஜனவரியில் பாவ்நகர் மன்னர் கிருஷ்ணகுமார்சிங்ஜி ஆட்சிப் பொறுப்பை மக்கள் பிரதிநிதிகளிடம் ஒப்படைத்தார். அந்த மக்கள் அமைச்சரவைக்குத் தலைமையேற்றவர் மேத்தா. கருவூலத்தின் சாவியைக் கைமாற்றிக் கொடுத்த மன்னரைத் தமிழர்களும் அறிவார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை மாகாண ஆளுநராகப் பொறுப்பேற்று 1952 வரை கிண்டியில் இருந்தவர் அவர். பாவ்நகர் மக்கள் ஆட்சியின் தனி ஆயுள் சில வாரங்களே நீடித்தது. பிப்ரவரியில் கத்தியவார் சமஸ்தானங்கள் ஒன்றிணைந்து சௌராஷ்டிரம் உருவானது. பின்னர் மேத்தா தேசிய அரசியலுக்கு வந்தார். அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், காங்கிரஸ் பொதுச் செயலாளர், 1952-லும் 1957-லும் கோஹில்வாட் தொகுதியின் மக்களவை உறுப்பினர் என்று பொறுப்புகள் வந்து சேர்ந்தன.

அவற்றுள் அதிகம் பேசப்படாத பொறுப்பு ஒன்று உண்டு. இரண்டாவது மக்களவையின் தொடக்க ஆண்டுகளில் நாடாளுமன்ற மதிப்பீட்டுக் குழுவின் தலைவராக மேத்தா இருந்தார். அமைச்சகங்கள் கேட்கும் தொகை எதற்காக, அதே வேலையைக் குறைந்த செலவில் செய்ய இயலாதா என்று துருவிப் பார்க்கும் குழு அது. தில்லியிலிருந்து புறப்படும் ஒரு ரூபாய் எத்தனை மேஜைகளைக் கடக்கிறது என்பதை அறிந்துகொள்ள அதைவிடச் சிறந்த இருக்கை நாடாளுமன்றத்தில் இல்லை.

அறிக்கை பிறந்த சூழல்

1952 அக்டோபர் 2-ல், காந்தியடிகள் பிறந்த நாளில், சமுதாய வளர்ச்சித் திட்டம் 55 இடங்களில் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு தேசிய விரிவாக்கப் பணித் திட்டம் வந்தது. வட்டாரம் என்ற நிர்வாக அலகும், வட்டார வளர்ச்சி அலுவலர் என்ற பதவியும், கிராம சேவக் என்ற ஊழியரும் இந்தத் திட்டங்களின் வழியே கிராம வாழ்வில் நுழைந்தார்கள். கிணறு, சாலை, பள்ளிக் கட்டடம், விதை, உரம் என்று பலவும் வந்தன. ஆனால் இது மக்களின் திட்டம் என்று அரசு சொன்னதே தவிர, மக்கள் அப்படி நினைக்கவில்லை. வட்டாரங்களில் ஆலோசனைக் குழுக்கள் இருந்தன. அவற்றின் உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டவர்கள். ஆலோசனை சொல்லலாம், பணத்தைத் தொட முடியாது.

1957 ஜனவரியில் இந்தத் திட்டங்களை ஆராய மேத்தாவின் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. செலவு சிக்கனமாக நடக்கிறதா, பலன் கிட்டுகிறதா என்று பார்ப்பதே அதன் வேலை. ஜனநாயகத்தைப் பற்றித் தத்துவம் எழுதும்படி அதனிடம் யாரும் கேட்கவில்லை. 1957 நவம்பர் 24-ல் அளித்த அறிக்கையில் குழு வந்து சேர்ந்த முடிவு கணக்கு வழக்கின் எல்லையைத் தாண்டியிருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மன்றத்திடம் அதிகாரமும் பொறுப்பும் பணமும் ஒருசேர ஒப்படைக்கப்படாத வரை, மக்களின் ஈடுபாடு என்பது காகிதத்திலேயே இருக்கும் என்று குழு கண்டது. அரசு தன் கடமைகள் சிலவற்றைத் தன்னிடமிருந்து முழுமையாகக் கழற்றிக் கீழே கொடுத்துவிட வேண்டும். வழிகாட்டுதல், மேற்பார்வை, உயர்மட்டத் திட்டமிடல் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் பரிந்துரையின் சாரம்.

இந்த மூன்றடுக்கில் குழு முதன்மையாக நிறுத்தியது நடு அடுக்கை. கிராமப் பஞ்சாயத்து மிகச் சிறியது, வருமானமும் ஆள்பலமும் இல்லாதது. மாவட்டமோ சாதாரண விவசாயியின் கைக்கெட்டாத தொலைவில் இருப்பது. ஆகவே வட்டார அளவிலான பஞ்சாயத்து சமிதியே உண்மையான நிர்வாக மன்றமாக இருக்க வேண்டும் என்று அறிக்கை கூறியது. கிராமப் பஞ்சாயத்து உறுப்பினர்களே சமிதி உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். பெண்கள் இருவர் சேர்த்துக்கொள்ளப்படுவர். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. மாவட்ட அளவிலான ஜில்லா பரிஷத்துக்கு மேற்பார்வையும் ஒருங்கிணைப்பும் மட்டுமே வேலை. அதன் தலைவர் மாவட்ட ஆட்சியர். இந்தக் கடைசி ஏற்பாடு பிற்காலத்தில் விமர்சனத்துக்கு ஆளானது. தேர்தலில் வென்றவர்களின் மேசைக்குத் தலைமாட்டில் ஆட்சியரை உட்கார வைத்தது, நிர்வாகத்துக்குக் கொடுத்த சமாதானக் காணிக்கை என்றுதான் சொல்ல வேண்டும்.

இனிப் பணம். மத்திய அரசோ மாநில அரசோ ஒரு வட்டாரத்தில் செலவிடும் வளர்ச்சி நிதி எதுவானாலும் அது பஞ்சாயத்து சமிதியிடமே ஒப்படைக்கப்பட வேண்டும். சமிதியே பரிந்துரைத்தாலன்றி வேறு நிறுவனத்துக்கு நேரடியாகப் போகக்கூடாது என்று குழு எழுதியது. இந்த ஒற்றைப் பரிந்துரை அப்படியே நிறைவேறியிருந்தால், இந்தியக் கிராம நிர்வாகத்தின் பிந்தைய அறுபது ஆண்டு வரலாறு வேறுவிதமாக இருந்திருக்கும். இத்துடன் நில வரியில் சட்டப்படி ஒரு பங்கு, நில வரி மீதான மேல்வரி, தொழில் வரி, சொத்து மாற்றத்தின்போது வசூலாகும் முத்திரைத் தீர்வை மீது கூடுதல் வரி, கேளிக்கை வரி, மோட்டார் வாகன வரியில் பங்கு, சந்தை மற்றும் திருவிழாக்களின் குத்தகை வருமானம் என்று சமிதிக்கான வருவாய் வழிகளையும் அறிக்கை சுட்டியது. பின்தங்கிய பகுதிகளுக்கு அவற்றின் நிலையறிந்து மாநில அரசு மானியம் தர வேண்டும்.

கிராமப் பஞ்சாயத்துகளுக்கு வீட்டு வரி, சந்தை மற்றும் வண்டி வரி, நுழைவுச் சுங்கம், துப்புரவு வரி, தண்ணீர்க் கட்டணம், விளக்குக் கட்டணம், கால்நடைப் பட்டி வருமானம் ஆகியவை வகுக்கப்பட்டன. சமிதிக்குக் கிடைக்கும் நில வரிப் பங்கில் நான்கில் மூன்று பாகம் வரை கிராமங்களுக்குச் சட்டப்படி போய்ச் சேர வேண்டும். நில வரியை வசூலிக்கும் வேலையைத் திறமையான பஞ்சாயத்துகளிடமே கொடுத்து, அதற்குக் கழிவும் கொடுக்கலாம். வாங்குகிறவனுக்கும் கொடுக்கிறவனுக்கும் நடுவில் அரசு அலுவலர் தேவையில்லை என்ற துணிச்சல் இதில் தெரிகிறது.

அறிக்கையின் கடுமையான பக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. வரி பாக்கி வைத்திருப்பவருக்குப் பஞ்சாயத்துத் தேர்தலில் வாக்குரிமை கூடாது. ஆறு மாதத்துக்கு மேல் பாக்கி வைத்த உறுப்பினரின் பதவி தானாகவே காலியாக வேண்டும் என்று அது கூறியது. பதவி இழப்பில் நியாயம் உண்டு. வாக்குரிமையை வரி ரசீதோடு முடிச்சுப் போட்டதோ, ஏழைகள் மிகுந்த நாட்டில் ஏற்க முடியாத யோசனை. ஆனால் அதன் பின்னாலிருந்த கவலை பொய்யானதன்று. அடுத்த வீட்டுக்காரரிடம் வரி கேட்கத் தயங்கும் தலைவர், மேலிருந்து வரும் மானியத்தையே நம்பியிருப்பார். மானியத்தை நம்பியிருப்பவர், மானியம் தருபவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதைத்தான் மேத்தா குழு தவிர்க்க நினைத்தது.

சட்டத்தில் இருந்த இடைவெளி

இந்த இடத்தில் அரசியல் சட்டத்தின் அமைப்பை நினைவில் கொள்ள வேண்டும். உள்ளாட்சி, மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். பஞ்சாயத்துகளைப் பற்றி அரசியல் சட்டத்தின் மூல வரைவு பேசவே இல்லை. கிராமங்களின் மீது அம்பேத்கருக்கு நம்பிக்கை கிடையாது. சாதியின் பிடியில் கிடக்கும் கிராமத்திடம் அதிகாரத்தை ஒப்படைப்பது ஒடுக்கப்பட்டோரை மேலும் ஒடுக்கும் என்ற அவருடைய அச்சம் நியாயமானது. 1948 நவம்பரில், கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க அரசு முயல வேண்டும் என்ற திருத்தத்தைக் கொண்டுவந்து, இன்றைய 40-வது பிரிவுக்குக் காரணமானவர் தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானம். ஆனால் அது வழிகாட்டு நெறிகளில் ஒன்றாகவே அமைந்தது. நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்க முடியாத உரிமை.

அதே சந்தானம்தான் 1957-ல் அறிக்கை அளித்த இரண்டாவது நிதிக்குழுவின் தலைவர். மத்திய அரசின் வரியில் மாநிலங்களுக்கு எவ்வளவு என்பதை அக்குழு வகுத்தது. மாநிலத்துக்குக் கீழே பார்க்க அரசியல் சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒரே ஆண்டில் தில்லியில் இரண்டு அறிக்கைகள் எழுதப்பட்டன. ஒன்று மத்திய - மாநிலப் பங்கீட்டைச் சொன்னது. அதற்குச் சட்டத்தின் பலம் இருந்தது. மற்றொன்று கிராமத்தின் பங்கைச் சொன்னது; அதற்கு மாநில அரசுகளின் மனம் கனிய வேண்டியிருந்தது.

1958 ஜனவரியில் தேசிய வளர்ச்சி மன்றம் மேத்தா குழுவின் கொள்கையை ஏற்று, அமைப்பின் வடிவத்தை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு வட்டாரத்துக்கும் முதல் ஐந்தாண்டுக் கட்டத்தில் ரூ.12 லட்சம், இரண்டாம் ஐந்தாண்டுக் கட்டத்தில் ரூ.5 லட்சம் என்று திட்ட ஒதுக்கீடு வகுக்கப்பட்டது. 1959 அக்டோபர் 2-ல் ராஜஸ்தானின் நாகௌரில் நேரு விளக்கேற்றிப் பஞ்சாயத்து ராஜைத் தொடங்கி வைத்தார். அதே ஆண்டில் ஆந்திரப் பிரதேசமும் பின்தொடர்ந்தது. சென்னை மாநிலத்தில் காமராஜ் அரசு 1958-ல் பஞ்சாயத்துச் சட்டத்தை இயற்றி, 1960 முதல் படிப்படியாகப் பஞ்சாயத்து ஒன்றியங்களை அமைத்தது. பழைய ஜில்லா போர்டுகள் மறைந்தன. தலமேல்வரிக்கும் வீட்டு வரிக்கும் ஈடாக மாநில அரசு இணை மானியம் தரும் ஏற்பாட்டைச் சென்னை செய்தது. ஒன்றியம் தன் முயற்சியில் வசூலித்தால் அரசும் தன் பங்கைப் போடும் என்பது, மேத்தா குழுவின் எண்ணத்துக்கு நெருக்கமாக வந்த ஏற்பாடுகளில் ஒன்று. தமிழகத்தில் இன்று ஒன்றியம் என்று வழங்கும் அமைப்பின் பிறப்புக் கதை இதுவே.

மற்ற பல மாநிலங்களில் மன்றம் வந்தது, பணம் வரவில்லை. 1963-ல் பஞ்சாயத்துகளின் நிதியை மட்டும் ஆராய ஒரு குழு தேவைப்பட்டதே இதற்குச் சான்று. அதற்கும் தலைவர் சந்தானம். பஞ்சாயத்துகளுக்குத் தனி வரி விதிக்கும் அதிகாரம், சிதறிக் கிடக்கும் மானியங்களை ஒன்றாகத் தொகுத்துத் தருதல், பஞ்சாயத்துகளுக்குக் கடன் வழங்க ஒரு நிதிக் கழகம் ஆகியவற்றை அக்குழு பரிந்துரைத்தது. அது மேத்தாவின் அறிக்கைக்கு ஆறு ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட நினைவூட்டல் கடிதம் போல இருந்தது.

முதல்வர் நாற்காலியில்

காமராஜ் திட்டத்தால் காங்கிரஸ் கலகலத்துக் கிடந்த 1963 செப்டம்பரில், உட்கட்சி நெருக்கடி காரணமாகக் குஜராத் முதலமைச்சர் ஜீவ்ராஜ் மேத்தா பதவி விலகினார். செப்டம்பர் 19-ல் பல்வந்த்ராய் மேத்தா அம்மாநிலத்தின் இரண்டாவது முதலமைச்சரானார். குஜராத் பஞ்சாயத்துச் சட்டம் 1961-ல் இயற்றப்பட்டு, 1963 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்திருந்தது. பரிந்துரை செய்தவரே நிறைவேற்றும் இடத்தில் வந்து அமர்ந்தது அரிதான வாய்ப்பு. ஆனால் அவருக்குக் கிடைத்த சட்டம் அவருடைய அறிக்கையின் நகல் அன்று. குஜராத், அண்டை மாநிலமான மகாராஷ்டிரத்தைப் போலவே, வட்டாரத்தை விட்டு மாவட்டத்தை முதன்மைப்படுத்தியிருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டப் பஞ்சாயத்துக்கு அதிகாரம் தரப்பட்டது. ஆட்சியரை விலக்கி வைத்து, மாவட்ட வளர்ச்சி அதிகாரி என்ற தனிப் பதவி அதன் கீழ் உருவாக்கப்பட்டது. நில வரி வருவாயும் பஞ்சாயத்துகளுக்குத் திருப்பிவிடப்பட்டது.

தன் அறிக்கையோடு முரண்படுகிறது என்பதற்காக மேத்தா அந்த ஏற்பாட்டைக் கலைக்கவில்லை. மேற்கு இந்தியாவின் இந்த இரு மாநிலங்களும் பிற்காலத்தில் பஞ்சாயத்து நிர்வாகத்துக்கு முன்மாதிரியாகச் சுட்டப்பட்டன என்பதை நோக்கும்போது, எந்த அடுக்கு முதன்மை என்ற வாதத்தைவிட, அந்த அடுக்கிடம் பணமும் அலுவலர்களும் இருக்கிறார்களா என்பதே பெரிது என்று தோன்றுகிறது.

அவருக்குக் கிடைத்த காலம் சரியாக இரண்டு ஆண்டுகள். 1965 ஏப்ரலில் கட்ச் பகுதியில் தொடங்கிய எல்லை மோதல், செப்டம்பரில் முழுப் போராக மூண்டது. செப்டம்பர் 19-ல் மீட்டாபூரிலிருந்து எல்லைப் பகுதியைப் பார்வையிடச் சிறிய பயணிகள் விமானம் ஒன்றில் புறப்பட்டார் மேத்தா. கட்ச் மாவட்டத்தின் சுதாரி கிராமத்தருகே பாகிஸ்தான் விமானப் படையின் போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. மேத்தா, அவருடைய மனைவி சரோஜ்பென், உதவியாளர்கள், பத்திரிகையாளர் ஒருவர், விமானிகள் என எட்டுப் பேர் உயிரிழந்தனர். போர் நிறுத்தம் வர நான்கே நாள்கள் இருந்தன. பகை நாட்டின் தாக்குதலில் உயிரிழந்த இந்திய முதலமைச்சர் அவர் ஒருவரே. 2011-ல், அன்று சுட்ட பாகிஸ்தான் விமானி, வீழ்த்தப்பட்ட விமானத்தை ஓட்டியவரின் மகளுக்குக் கடிதம் எழுதி வருத்தம் தெரிவித்தார்.

அவருக்குப் பின்

நேரு 1964-ல் மறைந்தார், மேத்தா 1965-ல். பஞ்சாயத்து ராஜுக்குத் தில்லியில் வாதாடப் பெரிய குரல் எதுவும் மிஞ்சவில்லை. 1966-ல் சமுதாய வளர்ச்சி அமைச்சகம் உணவு, வேளாண் அமைச்சகத்துடன் இணைக்கப்பட்டது. பஞ்சமும் உணவுத் தட்டுப்பாடும் நாட்டை வாட்டிய அக்காலத்தில், விளைச்சலைப் பெருக்கும் திட்டங்கள் துறைகளின் வழியாகவே ஓடின. அவசரத்தில் மன்றங்களைக் கலந்து பேச யாருக்கும் நேரமில்லை. பல மாநிலங்களில் பஞ்சாயத்துத் தேர்தல்கள் ஆண்டுக்கணக்கில் நின்றுபோயின. நில வரியும் மாநில வருவாயில் சுருங்கிக்கொண்டே வந்தது. அதில் பங்கு கேட்பதற்கே பொருளில்லாமல் போனது.

வட்டாரத்தில் செலவாகும் நிதி அனைத்தும் சமிதி வழியாக என்ற பரிந்துரை தலைகீழானது 1980-க்குப் பின். மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை என்ற பதிவு பெற்ற சங்கங்கள் ஆட்சியரின் தலைமையில் அமைக்கப்பட்டு, மத்திய அரசின் வறுமை ஒழிப்பு நிதி அவற்றுக்கு வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஒருபுறம், பணமுள்ள சங்கம் மறுபுறம். இந்த முகமைகளுக்கான மத்திய அரசின் திட்டம் முடிவுக்கு வந்தது 2022 ஏப்ரலில்தான்.

1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம், மேத்தாவின் காலத்தில் இல்லாத சட்டப் பலத்தைப் பஞ்சாயத்துகளுக்கு அளித்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, ஒவ்வொரு மாநிலத்திலும் நிதிக்குழு ஆகியவை கட்டாயமாயின. மத்திய நிதிக்குழுவும் முதல்முறையாகப் பஞ்சாயத்துகளைப் பற்றிச் சிந்திக்க வழி திறந்தது. ஆனால் எந்தெந்த வரிகளைக் கொடுப்பது என்பதை அத்திருத்தமும் மாநிலச் சட்டமன்றங்களின் விருப்பத்துக்கே விட்டது. அதே 1993-ன் டிசம்பரில் நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதித் திட்டமும் வந்தது. ஒரு கையால் பஞ்சாயத்துக்கு அதிகாரம் கொடுத்துவிட்டு, பஞ்சாயத்து செய்ய வேண்டிய வேலைகளுக்கான பணத்தை மறு கையால் உறுப்பினர்களின் பரிந்துரைக்கு ஒதுக்கிய வேடிக்கையை எல்லாக் கட்சிகளும் சேர்ந்தே செய்தன.

2017-ல் சரக்கு, சேவை வரி வந்தபோது நுழைவு வரியும் விளம்பர வரியும் அதில் கரைந்தன. தொழில் வரிக்கு அரசியல் சட்டமே ஆண்டுக்கு ரூ.2,500 என்று 1988-ல் வரம்பு கட்டியது. மேத்தா குழு எழுதிய வருவாய்ப் பட்டியலில் பலவும் இவ்வாறு அடிபட்டுப் போக, வீட்டு வரியும் தண்ணீர்க் கட்டணமுமே மிச்சம். அவற்றையும் வசூலிக்கத் தலைவர்களுக்குத் தயக்கம். 2024 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வு, பஞ்சாயத்துகளின் வருவாயில் அவை விதிக்கும் வரி சுமார் ஒரு சதவீதமே என்று காட்டியது. சுமார் 80 சதவீதம் மத்திய அரசின் மானியம், 15 சதவீதம் மாநில அரசின் மானியம்.

மேத்தா முதன்மைப்படுத்திய நடு அடுக்கின் கதி இன்னும் கவனிக்கத்தக்கது. 2015 முதல் 2020 வரையிலான காலத்துக்குப் பதினான்காவது நிதிக்குழு பரிந்துரைத்த ரூ.2,00,292 கோடியும் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு மட்டுமே. வட்டாரத்துக்கும் மாவட்டத்துக்கும் ஒரு காசு இல்லை. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை ஊரக உள்ளாட்சிகளுக்கு ரூ.2,36,805 கோடியைப் பரிந்துரைத்தபோது மூன்று அடுக்குகளையும் மீண்டும் சேர்த்துக்கொண்டது. அதில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று முன்கூட்டியே கட்டிவைத்தது. மாநில நிதிக்குழுவை அமைத்து அதன் பரிந்துரைகளின் மீது நடவடிக்கை எடுக்காத மாநிலங்களுக்கு 2024 மார்ச்சுக்குப் பின் மானியம் இல்லை என்றும் நிபந்தனை விதித்தது. அடுக்குகளுக்கிடையே பங்கிடும்போது கிராமத்துக்கு 70 முதல் 85 சதவீதம், மாவட்டத்துக்கு 5 முதல் 15 சதவீதம் என வரம்பு வகுத்தது. வட்டாரத்துக்கு, அதாவது 1957-ல் முழு வளர்ச்சி நிதியும் எந்த மன்றத்தின் கைக்கு வர வேண்டும் என்று மேத்தா எழுதினாரோ அந்த மன்றத்துக்கு, 10 முதல் 25 சதவீதம்.